குருதிக் குழாயின் துலாக்கோல்

மனித உடலில் ஓடும் குருதிக்கு இருவேறு கடமைகள் உள்ளன. குழாயினுள் அது தடையின்றி ஓட வேண்டும்; குழாயில் காயம் நேர்ந்தால் அவ்விடத்தில் உடனே உறைந்து அடைக்கவும் வேண்டும். உறையும் தன்மை குன்றினால் சிறு காயமும் உயிருக்கு ஊறாகும். அது மிகுந்தால் மாரடைப்பும் பக்கவாதமும் வந்து சேரும். இவ்விரண்டையும் சமன் செய்யும் துலாக்கோல் எது என்னும் வினாவிற்கு விடை காண மருத்துவ உலகிற்கு நெடுங்காலம் பிடித்தது. விடையின் முக்கியமான ஒரு பகுதி, அராக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தில் அடங்கியிருந்தது. அதனை அறிஞர்கள் கண்டறிந்த வரலாறு, அறிவு எவ்வாறு வளர்கிறது என்பதை மாணவர்க்கு உணர்த்தவல்ல சிறந்த பாடமாகும்.

மரப்பட்டையும் மாத்திரையும்

இவ்வரலாற்றில் விளைவு முன்னே தெரிந்தது. காரணம் பின்னர்தான் விளங்கியது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு வட்டாரத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்டோன் என்னும் பாதிரியார், வில்லோ மரப்பட்டையை உலர்த்திப் பொடியாக்கி, குளிர்காய்ச்சலால் வருந்திய ஏறத்தாழ 50 பேருக்குக் கொடுத்துப் பயன் கண்டார். அதனை 1763இல் இலண்டன் அரச கழகத்திற்குத் தெரிவித்தார். 1897இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் பெலிக்ஸ் ஹாப்மன், அப்பட்டையின் சத்தோடு உறவுடைய அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தைத் தூய நிலையில் உருவாக்கினார். 1899இல் அது ஆஸ்பிரின் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக, அம்மருந்து உடலினுள் என்ன செய்கிறது என்பதை அறியாமலேயே உலகம் அதனை விழுங்கி வந்தது.

பெயர்களின் கதை

மற்றொரு திசையில் வேறோர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. 1930இல் நியூயார்க் மருத்துவர்களான குர்ஸ்ராக், லீப் இருவரும், ஆணின் விந்து நீர் கருப்பைத் தசையைச் சுருக்கவும் தளர்த்தவும் வல்லது எனக் கண்டனர். சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் கோல்ட்பிளாட்டும் சுவீடனில் வான் ஆய்லரும் தனித்தனியே அதனை மேலும் ஆராய்ந்தனர். புரோஸ்டேட் சுரப்பியில் பிறக்கும் பொருளென்று கருதிய வான் ஆய்லர், 1935இல் அதற்குப் புரோஸ்டகிளாண்டின் எனப் பெயரிட்டார். அது பெரும்பாலும் விந்துப்பைகளிலிருந்து வருவது என்பது பின்னரே தெரிந்தது. உடலின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களும் அதனை ஆக்கவல்லவை என்பதும் பின்னர் விளங்கியது. ஆயினும் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

அராக்கிடோனிக் அமிலத்தின் பெயரும் இத்தகையதே. நிலக்கடலையின் இலத்தீன் பெயரிலிருந்து கிளைத்த சொல் அது. ஆனால் அவ்வமிலத்தை நிலக்கடலையில் தேடினால் கிடைக்காது. இறைச்சி, முட்டை முதலியவற்றில் அது உண்டு. தாவர எண்ணெய்களிலுள்ள லினோலிக் அமிலத்திலிருந்து நம் உடலே அதனை ஆக்கிக்கொள்ளவும் செய்கிறது. பெயரைக் கொண்டு பொருளை அளத்தலாகாது என்பதற்கு இவையிரண்டும் சான்றுகள்.

1945இல் வான் ஆய்லரிடமிருந்து சாற்றைப் பெற்று ஆராயத் தொடங்கிய சூனே பெர்க்ஸ்ட்ரோம், ஆட்டுச் சுரப்பிகளைப் பெருமளவில் திரட்டி, 1950களின் பிற்பகுதியில் புரோஸ்டகிளாண்டின்களைப் பளிங்கு வடிவில் பிரித்தெடுத்தார். 1964இல் அவரும் அவர் மாணவர் பெங்ட் சாமுவெல்சனும், நெதர்லாந்தில் வான் டார்ப் குழுவினரும், அராக்கிடோனிக் அமிலமே அவற்றின் மூலப்பொருள் என நிறுவினர். 20 கரி அணுக்களும் 4 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட அவ்வமிலம் உயிரணுக்களின் சவ்வில் கட்டுண்டு கிடக்கிறது. காயமோ தூண்டுதலோ நேர்கையில் ஒரு நொதி அதனை விடுவிக்க, மற்றொரு நொதியான சைக்ளோ ஆக்சிஜனேஸ் அதனை உருமாற்றுகிறது.

எதிரெதிர் இரட்டையர்

1971இல் இலண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் இந்த உருமாற்றத்தையே தடுக்கிறது என மெய்ப்பித்தார். தனித்தனியே ஓடிய இரண்டு ஆறுகள் அங்கே ஒன்றாயின.

1975இல் சாமுவெல்சன் குழுவினர் இரத்தத் தட்டுகளில் திராம்பாக்சேன் என்னும் பொருளைக் கண்டனர். அதன் ஆயுள் மிகக் குறுகியது. அரை நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். எனினும் அதற்குள் தட்டுகளை ஒன்றுதிரட்டிக் குழாயைச் சுருக்கிவிடும். மறு ஆண்டே, ஹோண்டுராஸ் நாட்டு மொன்காடா, போலந்து நாட்டுக் கிரிக்லெவ்ஸ்கி, பண்டிங், வேன் ஆகியோர் குழாயின் சுவரில் பிறக்கும் புரோஸ்டாசைக்ளினைக் கண்டனர். அது தட்டுகள் திரளாமல் தடுத்துக் குழாயை விரிக்கிறது. ஒரே தாய்ப்பொருளுக்குப் பிறந்த இரு மக்கள் எதிரெதிர்த் தொழில் புரிகின்றனர்! நாம் தேடிய துலாக்கோலின் இரு தட்டுகள் இவையே எனலாம். 1979இல் சாமுவெல்சன், ஈளை நோயில் மூச்சுக்குழலைச் சுருக்கும் லியூகோடிரையீன்களும் இக்குடும்பத்தினவே எனக் காட்டினார். 1982இல் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன், வேன் மூவரும் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

சிறிதளவு ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுப்பது ஏன் என்பதும் இதனால் விளங்கிற்று. இரத்தத் தட்டுகளுக்கு உட்கரு இல்லை. ஆஸ்பிரின் ஒருமுறை அவற்றின் நொதியை முடக்கினால், அவை தம் வாழ்நாளான ஏழு முதல் பத்து நாள் வரை அதனைப் புதுப்பித்துக்கொள்ள இயலா. குழாய்ச் சுவரின் உயிரணுக்களோ உட்கருவுடையவை. புதிய நொதியை ஆக்கிக்கொள்ளும். ஆகவே துலாக்கோல் நன்மையின் பக்கம் சாய்கிறது.

கலிபோர்னியாவின் லாரன்ஸ் கிரேவன் என்னும் எளிய மருத்துவர், ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்கும் என்று 1950களிலேயே எழுதினார். ஒப்பிட்டு நோக்க மருந்துண்ணாத குழு ஒன்றை அவர் வைக்காததால் அறிஞருலகம் பொருட்படுத்தவில்லை. 1988இல் 17,187 நோயாளரைக் கொண்டு முறையாக நிகழ்த்திய ஆய்வில், மாரடைப்புற்றோர்க்கு ஒரு மாதம் நாள்தோறும் ஆஸ்பிரின் கொடுத்ததால் இதய, குருதிக் குழாய்ச் சாவுகள் 23 விழுக்காடு குறைந்தன.

சமன் குலைந்தபோது

1990களின் தொடக்கத்தில் அந்நொதி இருவகைப்படும் என்பது தெரியவந்தது. வீக்கத்தோடு தொடர்புடைய இரண்டாம் வகையை மட்டும் தடுத்தால் வயிற்றுப்புண் இன்றி வலி நீங்குமெனக் கருதி, 1999இல் வயாக்ஸ் என்னும் மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். குழாய்ச் சுவரின் புரோஸ்டாசைக்ளினும் இவ்வகை நொதியால் விளைவது. தட்டுகளின் திராம்பாக்சேனோ முதல் வகையால் விளைவது. ஒரு தட்டு மட்டும் குறைந்தது. இதன் ஆபத்தைக் காரெட் பிட்ஸ்ஜெரால்டு போன்றோர் முன்னரே சுட்டியிருந்தனர். அதனை நெடுநாள் உண்டோரிடையே மாரடைப்பும் பக்கவாதமும் மிகுந்தமை தெரிந்து, 2004இல் அம்மருந்து உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

ஆஸ்பிரினும் எல்லார்க்கும் அமுதமன்று. 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதய நோயில்லாத 19,114 முதியோரைத் தொடர்ந்து கவனித்தது. நாள்தோறும் ஆஸ்பிரின் உண்டமையால் அவர்கள் ஊனமின்றி வாழும் காலம் நீளவில்லை; இரத்தக் கசிவே மிகுந்தது.

ஆசிரியர் கடமை

டிங்கிக் காய்ச்சல் நிலவும் நம் நாட்டில் இவ்வரலாறு ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. டிங்கியில் இரத்தத் தட்டுகள் குறைகின்றன. எஞ்சிய தட்டுகளையும் ஆஸ்பிரின் முடக்கினால் இரத்தக் கசிவு உயிருக்கே உலையாகலாம். ஆதலின் டிங்கி ஐயமுள்ளபோது ஆஸ்பிரினும் இபுபுரோபெனும் தரலாகாது என்பது மருத்துவ நெறி. காய்ச்சலோடு வகுப்பிலிருக்கும் பிள்ளைக்குப் பெட்டியில் கிடைத்த மாத்திரையைக் கொடுக்கும் வழக்கத்தை விட்டு, பெற்றோரை அழைத்து மருத்துவரிடம் அனுப்புவதே நம் கடமை. ஏன் அவ்வாறு செய்கிறோம் என்பதை அப்பிள்ளைக்கு நல்ல தமிழில் விளக்கவும் நம்மால் இயலும், இயல வேண்டும்.