இலைக்கனும் நாட்டுச் சின்னமும்

ஒரு நிலத்தை அதன்கண் வளரும் மரத்தாலோ மலராலோ குறித்தல் தமிழர்க்குப் புதிய வழக்கன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்திணைப் பெயர்களும் தாவரப் பெயர்களே. சேரர் பனம்பூவையும், சோழர் ஆத்தியையும், பாண்டியர் வேம்பையும் அடையாள மாலையாகச் சூடினர். இவ்வழக்கின் அடிப்படை யாது என நோக்கின், பெயரிட்டோர் தாம் பெயரிட்ட பொருளை நன்கு அறிந்திருந்தனர் என்பது புலனாகும். நெய்தல் எங்கே மலரும், எப்பொழுது கூம்பும் என்பதைக் கடற்கரை மாக்கள் நாள்தோறும் கண்டே அறிந்தனர்.

பண்டை வழக்காய் இருந்த இச்செயலை இக்கால அரசுகள் சட்டத்தால் நிறைவேற்றுகின்றன. மலரும் மரமும் பறவையும் விலங்கும் சின்னங்களாதல் யாவரும் அறிந்ததே. ஆயின், 2015ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய கலிபோர்ணியா மாநிலம் ஓர் இலைக்கனைத் தன் சின்னமாக ஏற்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் ஜெரி பிரவுண் கையொப்பமிட்ட அச்சட்டம் 2016 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டு மாநிலங்களுள் இலைக்கனுக்கு இச்சிறப்பை முதன்முதல் அளித்தது கலிபோர்ணியாவே.

இலைக்கன் என்பது தனித்த ஓர் உயிரன்று. பங்கசும் அல்காவும் ஒன்றையொன்று பற்றி வாழும் கூட்டு வாழ்க்கையே அது. சுவிற்சலாந்து அறிஞர் சுவென்டனர் இவ்வுண்மையை 1867இல் எடுத்துரைத்தபோது அறிஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். அல்கா சூரிய ஒளிகொண்டு உணவாக்கும். பங்கசு அதற்கு உறையுளும் ஈரமும் அளிக்கும். வேரின்மையால் இலைக்கன் தனக்கு வேண்டிய நீரையும் உப்புக்களையும் காற்றினின்றும் மழையினின்றும் பெறுகின்றது. ஆதலின் காற்று மாசுறுமிடத்து அது முதற்கண் அழியும். பாரிசு நகரின் லக்சம்பேர்க்குப் பூங்காவில் இலைக்கன்கள் அருகியதைக் கண்டு, அவை காற்றின் தூய்மையை அளக்கும் கருவியாம் என நைலாண்டர் 1866இலேயே கூறினார்.

கலிபோர்ணியா தெரிந்தெடுத்த ராமலினா மென்சீசீ என்பது கரையோர மூடுபனியில் கருவாலி மரக்கிளைகளினின்று வலைபோல் தொங்குவது. மான்கள் அதனை உண்ணும். பறவைகள் கூடுகட்ட எடுத்துச் செல்லும். இவையனைத்தையும் ஆராய்ந்தறிந்த இலைக்கன் ஆர்வலரின் முயற்சியாலேயே அச்சட்டம் பிறந்தது. அறிவு முன்னும் ஆணை பின்னுமாக வந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

இலங்கையின் வரலாற்றிலும் இலைக்கனுக்கு இடமுண்டு. கரையோர மரங்களில் நரைத்த தாடிபோல் வளரும் றொசெல்லா மொன்டாக்னி என்னும் இலைக்கன், பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'ஓர்க்கெல்லா' என்னும் வணிகப் பெயரோடு இந்நாட்டினின்று இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயிற்று. அமோனியா கலந்த நீரில் ஊறவைத்துக் காற்றுப்படச் செய்யின் அது ஊதாச் சாயமாக மாறும். பட்டும் கம்பளியும் அதனால் நிறம் பெற்றன. 1856இல் பேர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டபின் இவ்வணிகம் படிப்படியாகத் தேய்ந்தது. விஞ்ஞான ஆய்வுகூடத்தில் மாணவர் கையாளும் பாசிச்சாயத்தாள் இவ்வினத்தின் சாயத்தாலேயே ஆயது. அப்பெயரிலுள்ள 'பாசி' இலைக்கனையே குறிக்கின்றது. செட்டிநாட்டுச் சமையலில் மணப்பொருளாகச் சேரும் கற்பாசியும் இலைக்கனே. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்சு திரட்டிய இலங்கை இலைக்கன்களை ஆங்கில அறிஞர் லெய்ற்றன் ஆராய்ந்து நூற்றாண்டுகட்கு முன்னரே வெளியிட்டனர். ஆயினும் நாட்டு மக்கள் நினைவில் அவ்வறிவு நிலைபெறவில்லை.

அறியாது பெயரிடுதலால் விளையும் இடர்ப்பாட்டுக்கு நமது தேசிய மலரே சான்று. 1986இல் நீலோற்பலம் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. காலப்போக்கில் அதன் பெயரால் வெளியீடுகள் பலவற்றில் இடம்பெற்றதோ வேறொரு மலரின் படம். குளங்களில் மிகுதியாகப் பூக்கும் அவ்வூதா மலர் பிறநாட்டு வழிவந்த கலப்பினம் என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலார் ஆராய்ந்து காட்டினர். உரிய மலர் தன் நீர்நிலைகளிலேயே இடமிழக்க, வந்தேறிய மலர் அதன் பெயரைத் தாங்கி நின்றது. சின்னமாக்குதல் மட்டும் ஓருயிரைக் காவாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வுண்மை அம்பாறைக் கரையோரத்து ஒலுவிலுக்குப் பெரிதும் பொருந்தும். வடக்கே களியோடையும் கிழக்கே கடலும் எல்லையாக அமைந்த அவ்வூரில் 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. கடலுட் புகுந்த அலைதடுப்புச் சுவர்கள் கரைவழியே நகரும் மணலை மறித்தமையால், துறைமுகத்தின் வடபாற் கரையைக் கடல் அரித்தது. தென்னைகள் பல வேரோடு சாய்ந்தன. காணி இழந்தோரும் தோணி வைக்க இடமிழந்தோரும் அவ்விழப்பை அறிவர். சாய்ந்த தென்னையோடு அதன் அடிமரத்தில் வெண்சாம்பல் நிறத் திட்டுக்களாகப் படர்ந்திருந்த உயிர்களும் மறைந்தமையைக் கணக்கிட்டார் யார்? அத்திட்டுக்களை மரத்தின் நோயென்று கருதிச் சுரண்டி எறிவாருமுளர். அவை மரத்தின் உணவைக் கவர்வனவல்ல. பட்டையை இருப்பிடமாக மட்டும் கொள்வன. பெரும்பாலான இலைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றரே வளர்வன. ஆதலின் ஒரு கையகலத் திட்டு மறையின், அது மீள ஒரு தலைமுறைக் காலமும் ஆகலாம்.

இலங்கையின் தேசியச் சின்னங்களுள் இலைக்கன் இல்லை. அதனைச் சேர்த்தல் வேண்டுமென வாதிடுதல் எளிது. சேர்த்தற்குரியது யாதென அறிதலே அரிது. ஒலுவிலிற் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலும் அமைந்துள்ளன. அண்மையிலுள்ள பாடசாலை மாணவர் ஒரு கைவில்லையும் குறிப்பேடும் கொண்டு, தம்மூர் மரங்களில் வாழும் இலைக்கன்களை ஆண்டுதோறும் கண்டு பதிவு செய்வாராயின், பல்கலைக்கழக ஆசிரியர் அவற்றின் இனமறிந்து உதவல் இயலும். அத்தகைய ஏடு ஒன்று உருவாகுமாயின், கடல் அடுத்து எதனைக் கொள்ளப்போகின்றது என்பதை ஊரார் முன்னரே அறிவர். அரசு ஆணையிடும் நாளில் அதன் கையிற் கொடுத்தற்கு உண்மையான பெயரும் உண்மையான படமும் இருக்கும். நெய்தலுக்குப் பெயரிட்டார் செய்ததும் இதுவே.