பெருமானார் வகுத்த கீரையும் கல்லீரல் காப்பும்

தைப்பூசச் சிறப்பு மலருக்கு மருத்துவக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று சன்மார்க்க சங்கத்தார் பணித்தார்கள். வள்ளலார் பெருமானார் திருப்பணியில் எளியேனுக்கும் ஒரு பங்கு வாய்த்ததைப் பேறாகக் கருதி எழுதுகிறேன்.

'நித்திய கரும விதி'யில் அவர் வகுத்தருளிய சூரணத்தை அன்பர்கள் அறிவீர்கள். அதில் கரிசலாங்கண்ணியைத் தலைமைப் பொருளாக வைத்த பெருமானார், அது அல்லது பொற்றலைக்கையாந்தகரை என்று மற்றொன்றையும் சேர்த்தே சொல்கிறார். முன்னது வயல் வரப்பில் வெள்ளைப் பூ பூப்பது. கசக்கினால் சாறு விரலில் கருமையாகப் படியும். பின்னது மஞ்சள் பூ. தாவர நூலார் இரண்டையும் வெவ்வேறு பேரினமாகவே வகுத்தனர். ஆனால் 1986-ல் மியூனிக் பேராசிரியர் ஹில்டெபர்ட் வாக்னர் குழுவினர் இவ்விரண்டையும் ஒருசேர ஆராய்ந்து, கல்லீரலைக் காக்கும் 'வெடலோலாக்டோன்' என்னும் பொருள் இரண்டிலும் உண்டெனக் கண்டனர். ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றாக வைத்த அருளாளர் நோக்கு எவ்வளவு நுட்பமானது!

இன்று கல்லீரலுக்குக் கேடு மருந்தாலும் வருகிறது. காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமாலில் ஒரு சிறு பகுதியைக் கல்லீரல் நச்சுப் பொருளாக மாற்றுகிறது. கல்லீரலில் உள்ள குளுட்டாதயோன் என்னும் பொருள் அந்த நச்சை முறிக்கும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய், கல்லீரல் உயிரணுக்கள் மடிகின்றன. இப்படிக் கேடுற்ற சுண்டெலிகளுக்குக் கரிசலாங்கண்ணிச் சாரம் கொடுத்தபோது பாதிப்பு குறைந்ததை நம் நாட்டு ஆய்வாளர்களே காட்டியுள்ளனர். இதுபோலவே காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை.

இவ்விடத்தில் பக்தியோடு நிதானமும் வேண்டும். எலியில் கண்டது மனிதரில் நிலைநாட்டியதாகாது. பாரசிட்டமால் அளவு மீறியவரைக் காக்க மருத்துவமனையில் தரும் அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மருந்து இருக்கிறது. அதற்கு ஈடாக எந்தக் கீரையும் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்பதும் தவறு. சீந்திலை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. ஆயினும் எச்சரிக்கையாக இருப்பதில் இழப்பில்லை.

ஆகவே சன்மார்க்க அன்பர்களே, கரிசலாங்கண்ணியை உணவாகக் கொள்ளுங்கள். கல்லீரலுக்கு அஞ்சி, மருத்துவரைக் கேளாமல் காசநோய் மாத்திரையை இடையில் நிறுத்தாதீர்கள். உண்ணும் மூலிகை எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கருத்தாலோ கஷாயம் காய்ச்சிக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.