வேடன் வில்லும் ஒரு மாலைப் பொழுதும்



பொசன் நோன்மதி தினத்தில் வெள்ளுடை உடுத்த ஆயிரக்கணக்கான மக்கள் மிஹிந்தலை மலையில் ஏறுவதை நாம் அறிவோம். அந்த மலையின் கதை ஒரு வேட்டையில் தொடங்குகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தேவநம்பிய தீசன் நாற்பதினாயிரம் பேர் சூழ வேட்டைக்குப் போனான் என்று மகாவம்சம் கூறுகிறது. மலைத் தெய்வம் ஒரு மரையின் உருவெடுத்துப் புல் மேய்ந்துகொண்டு நின்றதாம். கவனமின்றி மேயும் விலங்கை எய்வது தகாது என்று எண்ணிய மன்னன் வில்லின் நாணை ஒலித்தான். மரை மலையை நோக்கி ஓடியது. துரத்திச் சென்றவன் மரையைக் காணவில்லை. மகிந்த தேரரைக் கண்டான்.

இது இலங்கைக்குப் பௌத்தம் வந்த கதை. ஆனால் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாணொலியில்தான் மனம் நிற்கும். நாற்பதினாயிரம் பேரோடு போகிறவனுக்கு ஒரு மரை தப்பினால் அன்றிரவு பட்டினி இல்லை. ஆகவே அவன் நாணை ஒலிக்கலாம். அதே காடுகளில் தன் பிள்ளைகளுக்கு இரை தேடிப் போன வேடன் நாணை ஒலித்திருப்பானா? அவனுடைய வில்லைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன்.

வன்னியலா எத்தோ என்று தம்மை அழைத்துக்கொள்ளும் இலங்கை வேடர்களைப் பற்றி, நேரிற் கண்டும் கேட்டும் எழுதிய பழைய ஐரோப்பியர்களுள் ஒருவர் றொபேட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டு மூதூரை அடுத்த கொட்டியாரக் கரையிலே பிடிபட்டு, கண்டி மன்னனின் நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக வாழ்ந்தவர். தப்பிச் சென்ற பின் 1681இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு விந்தையான வாணிபத்தை விவரிக்கிறார். வேடனுக்கு இரும்பு அம்புமுனை வேண்டும். ஆனால் ஊராரின் முகத்தில் விழிக்க அவன் விரும்புவதில்லை. இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவான். அருகே ஓர் இலையைத் தனக்கு வேண்டிய முனையின் வடிவில் வெட்டி மாட்டிவிட்டுப் போவான். கொல்லன் அந்த இலையைப் பார்த்து முனைகளை அடித்து, இறைச்சி தொங்கிய இடத்திலேயே வைப்பான். வேடன் அவற்றை எடுத்துக்கொண்டு பின்னர் மேலும் இறைச்சி கொண்டுவருவான். கொல்லன் ஏமாற்றினால் ஓர் இரவில் அவனுக்கு அம்பு வரும்!

மரத்தைக் குடைந்து, தேன் ஊற்றி, அதற்குள் இறைச்சியை நிரப்பிக் களிமண்ணால் அடைத்துப் பஞ்சகாலத்துக்கு வைத்திருப்பார்கள் என்றும் நொக்ஸ் எழுதுகிறார். ஒரு நாள் வேட்டை பல நாள் வயிற்றை நினைத்துச் செய்யப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்து நாம் காணவேண்டியவர்கள் செலிக்மன் தம்பதியர். 1907, 1908ஆம் ஆண்டுகளில் வேடர்களிடையே தங்கி ஆராய்ந்து 1911இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட வில் ஓர் ஆள் உயரம். ஆனால் வேடன் நெடுந்தூரத்துக்கு அம்பெய்யும் வீரன் அல்லன். அவனுடைய வித்தை காலில் இருந்தது. சருகு நொறுங்காமல் நடந்து, விலங்குக்கு மிக அருகே போய்ச் சேர்வதே அவன் கற்ற கல்வி. காட்டுக்கும் அவர்களிடையே எல்லை உண்டு. ஒருவன் எய்த விலங்கு காயத்தோடு ஓடி மற்றவன் காட்டில் விழுந்தால், அந்தக் காட்டுக்குரியவனுக்கும் பங்கு கொடுக்கவேண்டும். கண்டே யக்கா என்பது அவர்களுடைய வேட்டைத் தெய்வம். முன்னொரு காலத்தில் பெருவேட்டைக்காரனாக வாழ்ந்து மறைந்தவன் என்பது நம்பிக்கை. அவன் ஆவியேறி ஆடுபவர் மரையின் அடிச்சுவட்டைத் தேடிச் செல்வதாக அபிநயித்து ஆடுவார்.

நூல்களில் படித்த இவையெல்லாம் எனக்கு உயிர்பெற்றது வாகரைப் பக்கத்தில்தான். 1970களில் அங்கே ஒரு சிறு பாடசாலையில் இளம் ஆசிரியனாக இருந்தேன். அப்பகுதியில் தமிழ் பேசும் கரையோர வேடர் குடும்பங்கள் வாழ்ந்தன. மீன்பிடியும் சேனையும் அவர்களுடைய தொழில். என் மாணவன் ஒருவனின் பூட்டனாருக்கு எண்பதைத் தாண்டிய வயது. அவருடைய குடிசையின் வளையிலே ஒரு பழைய வில் செருகியிருந்தது. நாண் இல்லை. அதைப் பற்றிக் கேட்டபோது அவர் ஒரு மாலைப் பொழுதின் கதையைச் சொன்னார்.

அவர் இளந்தாரியாக இருந்த காலம். மாரிக்கு முந்திய வரட்சி. காட்டு மடுக்களெல்லாம் வற்றி ஒன்றில் மட்டும் முழங்காலளவு நீர் நின்றது. "மானுக்குக் கண் இரண்டாவது மகன், மூக்குத்தான் முதல்" என்றார். கச்சான் காற்று மேற்கே காட்டிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. ஆகவே அவர் மடுவுக்குக் கிழக்கே பற்றைக்குள் வெயில் சாயுமுன்னரே போய்ப் படுத்துவிட்டார். வெற்றிலை போடவில்லை. நுளம்பு கடித்தும் கையை அசைக்கவில்லை.

பொழுது படும் நேரத்தில் புள்ளிமான் கூட்டம் வந்தது. முன்னே ஒரு பிணைமான், அதன் விலாவோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. பத்துப் பாகம் கூட இல்லை, எய்திருக்கலாம். எய்யவில்லை. ஏனென்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வள்ளியம்மையைப் பெத்தவளல்லவா மகன்?" என்றார்.

நேயர்களே, மான் வயிற்றில் பிறந்த வள்ளியை வேடர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்த்த கதையைக் கந்தபுராண படனத்தில் எத்தனையோ முறை கேட்டவன் நான். அந்தக் கதை ஒரு வேடனின் கையைப் பிடித்து நிறுத்தும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பின்னால் வந்த கலைமான் நீரில் வாய் வைத்ததும் அவர் நாணை இழுத்தார். முன்னங்காலுக்குப் பின்புறம் அம்பு பாய்ந்தது. கூட்டம் சிதறியது. அவர் எழுந்து ஓடவில்லை. அம்பு துவக்குச் சூடு போலல்ல. இரத்தம் போய்த்தான் விலங்கு சாகும். உடனே துரத்தினால் அது உயிரைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் ஓடிவிடும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும். மூன்று முறை வெற்றிலை போடும் நேரம் காத்திருந்தாராம். பிறகு இருட்டு மூடுமுன் இலைகளில் இருந்த இரத்தத்தைப் பார்த்துப் போனார். பாலை மரத்தடியில் மான் கிடந்தது.

"கொம்பு பெரிதோ?" என்று கேட்டேன். இளம் பிள்ளையின் கேள்வி. "கொம்பு ஞாபகமில்லை" என்றவர் விரல்மடித்து எண்ணத் தொடங்கினார். முதற் துண்டு தெய்வத்துக்கு. ஒரு தொடை கூடவந்து சுமந்த மச்சானுக்கு. ஈரல் பல்லில்லாத கிழவிக்கு. நெஞ்சுப்பகுதி புருஷனை இழந்தவள் வீட்டுக்கு, அங்கே மூன்று பிள்ளைகள். இப்படி ஏழு வீடுகளைச் சொன்னார். அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் யாருக்கு எந்தத் துண்டு போனதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. தமக்கு என்ன மிஞ்சியது என்று அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

அந்த வில்லை மௌனமாக்கியது எது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் துவக்கோடு வந்த வெள்ளைக்காரப் பிரபுக்களுக்கு வேட்டை விளையாட்டாக இருந்தது. சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் நாய்களை ஏவி மரைகளை வேட்டையாடியதைப் பெருமையோடு 1854இல் ஒரு நூலாகவே எழுதினார். துவக்கு மெல்லக் கிராமங்களுக்கும் வந்தது. "துவக்கு வந்த பிறகு இறைச்சி தராசில் ஏறிவிட்டது" என்றார் முதியவர். விற்பதற்கென்று கொல்லத் தொடங்கினால் போதும் என்ற அளவு இல்லை.

விலங்குகள் அருகின, சட்டங்கள் வந்தன. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவசியமானதே. அதை நான் குறைகூறமாட்டேன். ஆனால் 1983இல் மாதுறு ஓயாக் காடு தேசிய பூங்காவானபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடிய வேடர்கள் தம் சொந்தக் காட்டிலேயே அத்துமீறியவர்களானார்கள். பல குடும்பங்கள் ஹெனானிகலவில் குடியேற்றப்பட்டன. தலைவர் திசாஹாமி 1998இல் இறக்கும்வரை தம்பானையை விட்டுப் பெயர மறுத்தார். இன்று அங்கே வேடர்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு வில்லை வளைத்துக் காட்டுகிறார்கள். காட்டை வெறுமையாக்கியவை துவக்குகள். வேட்டையை இழந்தவர்களோ வில்லை வைத்திருந்தவர்கள். இந்தக் கணக்கு எனக்கு இன்றும் சரிவரவில்லை.

வாகரைக் கரையை 2004இல் கடல் அள்ளியது. 2006இல் போர் மக்களைத் துரத்தியது. முதியவர் அதற்கு வெகுகாலத்துக்கு முன்னரே போய்விட்டார். பின்னொரு நாள் அங்கே போனபோது என் பழைய மாணவனைக் கண்டேன். அவனுக்கும் நரைத்துவிட்டது. வில்லைப் பற்றி விசாரித்தேன். "அது கடலோட போயிற்று சேர்" என்றான். அன்று காலை வலையில் பட்ட மீனில் ஒரு கோர்வையை என் கையில் தந்தான். மிச்சத்தைக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறும் எந்த வீட்டுக்கு என்று தன் பேரனுக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தான்.