சமோவா தட்டம்மைத் தொற்று (2019)

தென் பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2019-இன் இறுதி மாதங்களில் பரவி, 83 உயிர்களைப் பறித்த கொள்ளைநோய். சுமார் 2 லட்சம் மக்கள் வாழும் நாட்டில் 5,700-க்கும் மேற்பட்டோரை அது பீடித்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இந்தத் துயரம் 2018 ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசி போட்டதும் சமோவாவின் சவாயி தீவில் இரு குழந்தைகள் இறந்தன. இந்த மருந்து குப்பியில் உலர்தூளாக வரும். அதற்கென்றே உள்ள நீரில் கரைத்துத்தான் போட வேண்டும். அந்த நீருக்குப் பதிலாக, காலாவதியான தசைத்தளர்வு மருந்து கலக்கப்பட்டிருந்தது. செவிலியர் இருவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. தடுப்பூசியின் மீது பிழையில்லை. ஆனாலும் அரசு அதை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது. விசாரணை தேவைதான், ஆனால் நாடு முழுக்கக் குழந்தைகளை அத்தனை காலம் காப்பின்றி விட்டது பெரும் தவறு. திட்டம் மீண்டும் தொடங்கியபோது பெற்றோரின் அச்சம் தீரவில்லை. தடுப்பூசிக்கு எதிரான பரப்புரை அதை வளர்த்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணித்தபடி, 2018-இல் முதல் தவணை பெற்ற குழந்தைகள் 31 சதவீதம்தான். தட்டம்மையைத் தடுத்து நிறுத்த 95 சதவீதம் வேண்டும். நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றில்கூட அந்தக் கிருமி இரண்டு மணிநேரம் வரை தங்கும்.

2019-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தட்டம்மை பரவியிருந்தது. வேலைக்கும் உறவுக்குமாகச் சமோவா மக்கள் ஓயாமல் போய்வரும் நகரம் அது. அங்கிருந்து நோய் சமோவாவை எட்டியது. அக்டோபரில் சமோவா அரசு நோய்ப்பரவலை அறிவித்தது. நவம்பர் 15 அன்று அவசரநிலை பிறப்பித்துப் பள்ளிகளை மூடியது, தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. வீடு வீடாகத் தடுப்பூசி போடுவதற்காக டிசம்பர் 5, 6 ஆகிய இரு நாட்களில் அரசு அலுவலகங்களே மூடப்பட்டன. ஊசி போடாதவர்கள் இருக்கும் வீடுகளின் வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். மருத்துவக் குழுக்கள் அந்த வாசல்களைத் தேடிச் சென்றன. ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 95 சதவீதத்தை எட்டிவிட்டார்கள். அவசரநிலை டிசம்பர் கடைசியில் விலக்கப்பட்டது.

அதே பருவத்தில் அண்டை நாடுகளான டோங்காவிலும் பிஜியிலும் தட்டம்மை நுழைந்தது. அங்கே குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் முன்பே தடுப்பூசி பெற்றிருந்தனர், ஒருவரும் இறக்கவில்லை.