மொய் நோட்டும் பதினாறு கோடியும்

போன மாசம் ஒரு திங்கட்கிழமை. (திங்கட்கிழமை காலையில் பேங்க் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) தருமபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன் என் மேசைக்கு வந்தான். முப்பது வயசுகூட இருக்காது, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை. "சார், கணக்குல பணம் விழ மாட்டேங்குது. போடுறவங்க எல்லாம் திரும்பி வருதுன்னு சொல்றாங்க" என்றான்.

பார்த்தேன். போனிலேயே ஆதார் ஓ.டி.பி. போட்டுத் திறந்த கணக்கு. நேரில் வந்து சரிபார்க்கும்வரை அந்த மாதிரிக் கணக்கில் இருப்பு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது, வருஷத்துக்கு மொத்த வரவு 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது. சம்பளம் மட்டும் வந்துகொண்டிருந்தவரை அவனுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. மூன்று நாளில் எங்கிருந்து ஒரு லட்சம் என்று கேட்டதும் செல்போனை எடுத்துக் காட்டினான். நாலு வயசுப் பெண் குழந்தை, மூக்கில் குழாய். தலசீமியா. எலும்பு மஜ்ஜை மாற்று செய்ய வேண்டுமாம். கீழே இவன் கணக்கு எண். வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்தது.

கே.ஒய்.சி. வேலை அரை மணியில் முடிந்தது. கிளம்பும்போது, "இந்தப் படத்தைப் போட்டதுக்கு எங்க வீட்ல மூணு நாளா எங்கூடப் பேசல சார்" என்றான். நாளைக்குப் பெண் பெரியவளானதும் எவனாவது இந்தப் படத்தை எடுத்துக் காட்டினால் என்ன செய்வது என்று மனைவி கேட்டாளாம்.

அன்று ராத்திரி அல்சூரில் எங்கள் வீட்டுப் பரண் மேலிருந்து அப்பாவின் மொய் நோட்டை இறக்கினேன்.

எங்களுக்குப் பேராவூரணி பக்கம். அங்கே ஆடி, ஆவணி மாசங்களில் மொய் விருந்து நடக்கும். மற்ற ஊர்க்காரர்களுக்காக ஒரு வரி: கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமல், மொய் வாங்குவதற்காகவே வைக்கிற விருந்து. செலவைக் குறைக்க நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தல் போடுவார்கள். ஆட்டுக்கறிச் சாப்பாடு. சாப்பிட்டு வந்தால் ஆளுக்கொரு மேசை, மேசைக்கொரு நோட்டு. ஊர், அப்பா பெயர், பெயர், தொகை. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. அவர் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் புதிதாகவும் போட வேண்டும். போடாவிட்டால் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள், ஆனால் அந்த ஆளுக்கு ஊரில் மரியாதை போய்விடும். இருபது வருஷம் கடன் பிரிவில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், இவ்வளவு ஒழுங்காக வசூலாகிற கடனை நான் எந்த பேங்கிலும் பார்த்ததில்லை.

1991 ஆவணியில் அப்பா வைத்த விருந்தில் வந்தது 48,350 ரூபாய். என் தங்கைக்கு இதயத்தில் ஓட்டை, மெட்ராசில் ஆபரேஷன். பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வழக்கம்போல "மொய் விருந்து" என்றுதான் அச்சடித்திருந்தது. "பொம்பளப் புள்ள, எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்லணும்" என்று அப்பா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சாப்பிட வந்த முந்நூற்றுச் சொச்சம் பேரில் பத்து பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். நோட்டில் காரணம் எழுத இடமே கிடையாதே.

ஆனால் திருப்பிக் கட்டினோம். வருஷா வருஷம் ஆடி வந்தால் அம்மாவின் தோடு அடகுக்குப் போகும். நான் பேங்கில் சேர்ந்தது 2004இல். முதல் மாசச் சம்பளத்தில் பாதி, யாரோ ஒரு கீரமங்கலத்துக்காரருக்குப் போனது.

அந்தக் காலத்தில் நோயாளிக் குழந்தைகளுக்கு என்று பொதுவில் பணம் திரட்டவில்லையா என்றால், திரட்டினார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குத் திரட்டினார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஊரெல்லாம் நன்கொடை கேட்டுத்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கினார். 1960இல் குழந்தைகளுக்குத் தனி வார்டு வந்தது. பணம் கொடுத்தவர்கள் எந்தக் குழந்தையின் முகத்தையும் பார்த்துக் கொடுக்கவில்லை.

அப்புறம் அரசாங்கம் உள்ளே வந்தது. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், கர்நாடகாவில் 2010இல் வாஜ்பாய் ஆரோக்யஸ்ரீ. என் தங்கைக்கு நடந்தது போன்ற ஆபரேஷனுக்கு இன்று ஏழை அப்பா யாரும் விருந்து வைக்க வேண்டியதில்லை. மிச்சம் நிற்பவை காப்பீட்டுத் தொகைக்கு அடங்காத நோய்கள்.

அதே 2010இல்தான் இங்கே பெங்களூரில் மிலாப் தொடங்கியது. இன்று மிலாப் என்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழந்தை படம்தான் ஞாபகம் வரும். ஆனால் அது தொடங்கியபோது தானம் திரட்டும் தளமே அல்ல! கிராமத்து ஜனங்களுக்குச் சின்னச் சின்னக் கடன் கொடுக்க, நகரத்து மனிதர்களிடம் பணம் வாங்கித் தந்தது. கொடுத்த பணம் திரும்பி வரும். கிட்டத்தட்ட மொய். பிறகுதான் திருப்பித் தர வேண்டாத பணத்துக்கு, அதுவும் மருத்துவச் செலவுக்கு, மெல்ல மாறியது. 2012இல் கெட்டோ, 2014இல் இம்பாக்ட் குரு, இரண்டும் மும்பை.

இதெல்லாம் எவ்வளவு பெரிதாகும் என்று நாடு பார்த்தது 2021இல். எஸ்.எம்.ஏ. என்று ஒரு மரபணுத் தசை நோய். அதற்கு ஜோல்ஜென்ஸ்மா என்கிற ஊசியை 2019இல் அமெரிக்காவில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதித்தார்கள். ஒரே ஊசி, விலை 21.25 லட்சம் டாலர். நம் பணத்தில் அப்போது 16 கோடி. முதலில் ஒரு மும்பைக் குழந்தை, அப்புறம் ஒரு தமிழ்நாட்டுக் குழந்தை, கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் ஒரு குழந்தை என்று வரிசையாகப் பணம் சேர்ந்தது. கண்ணூரில் கேட்டது 18 கோடி. ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டது. நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் 46 கோடிக்கு மேல் போனது. மிச்சத்தை மற்றக் குழந்தைகளுக்கு என்று ஒதுக்கினார்கள். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் போட்ட பணம், பெரும்பாலும் நூறும் ஐந்நூறும். நோட்டு போட்டு எழுதினால் எத்தனை நோட்டு என்று என் பேங்க் புத்தி கணக்குப் போட்டது.

இதில் யாரும் பேசாத ஒரு விஷயம் வரி. அந்த ஊசிகளுக்கு இறக்குமதி வரி, ஜி.எஸ்.டி. என்று 6 கோடி வாக்கில் வந்ததை ஒவ்வொரு குடும்பமாக டில்லிக்கு எழுதித் தள்ளுபடி வாங்கினார்கள். 2023 ஏப்ரல் முதல் அரிய நோய்களுக்குச் சொந்தத் தேவைக்காகத் தருவிக்கும் மருந்துகளுக்குச் சுங்க வரி இல்லை. 2025 செப்டம்பரில் இந்த ஊசி உட்பட 33 மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி.யும் போனது.

வாங்கும் பணத்துக்கே ஒரு வரி இருக்கிறது. சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து இனாமாக வரும் பணத்தை வருமானமாகப் பார்க்கும் விதி 2004இல் வந்தது. 2006இலிருந்து வரம்பு வருஷத்துக்கு 50,000 ரூபாய். அதைத் தாண்டினால் மொத்தத்துக்கும் வரி. கல்யாண மொய்க்கு விலக்கு உண்டு. குழந்தையின் வைத்தியத்துக்கு வந்த பணத்துக்கு இல்லை! கோவிட் சிகிச்சைக்கு வந்த பணத்துக்கு மட்டும் 2022இல் விலக்கு கொடுத்தார்கள், மற்ற நோய்களுக்கு மனசு வரவில்லை. அதனால்தான் நான் தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்வது: முடிந்தவரை அப்பா பெயருக்கு வாங்காதீர்கள். ஆஸ்பத்திரிக் கணக்குக்கு நேராக, நோயாளியின் எண்ணைக் குறிப்பிட்டுப் போகட்டும். அல்லது பதிவு பெற்ற டிரஸ்ட் வழியாக வரட்டும். வரிச் சலுகைச் சீட்டு கேட்கிற கம்பெனி நண்பர்களுக்கும் டிரஸ்ட்தான் தர முடியும், தனி மனிதர் தர முடியாது. வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் ஒன்று கவனிக்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டோடு, தன் சேமிப்பிலிருந்து, வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்ட மச்சான் அனுப்பினால் சட்டம் வேறு.

மத்திய அரசும் 2021இல் அரிய நோய்க் கொள்கை கொண்டுவந்து, தானே ஒரு நன்கொடைத் தளம் தொடங்கியது. பணம் நேராகச் சிறப்பு மையத்தின் கணக்குக்குப் போகும். இங்கே அந்த மையம் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரியும் சேர்ந்தது. கணக்கு முறையில் குறையே சொல்ல முடியாது. ஆனால் பந்தல் போட்டார்கள், விருந்துக்கு ஆள் வரவில்லை. அந்தத் தளத்தில் யாருடைய முகமும் கதையும் நம்மை வந்து பிடித்து உலுக்குவதில்லை. அரசு உதவி முதலில் 20 லட்சம் என்று வைத்து, 2022இல் 50 லட்சமாக்கினார்கள். கோடிக்கணக்கில் விலை வைத்த மருந்துக்கு 50 லட்சம்.

2016இலிருந்து இங்கே ரேஸ் ஃபார் செவன் என்று ஓர் ஓட்டம் நடத்துகிறார்கள். அரிய நோய்கள் சுமார் 7,000 என்பதால் 7,000 பேர், 7 கிலோமீட்டர். ஒரு வருஷம் போனேன். ஓடவில்லை, நடந்தேன். முன்னால் ஒரு அப்பா மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார். அந்தப் பையன் எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டே போனான். கொண்டாட்டமாகத்தான் இருந்தது.

என் தங்கைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இந்தப் பெண் குழந்தை கதையைப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "படத்த எடுத்துடச் சொல்லுண்ணே" என்றாள். உடனே, "இல்ல, வேணாம். பணம் வர்றது நின்னுட்டா?" என்றாள். எனக்கும் பதில் தெரியவில்லை. எங்கள் வீட்டில் படம் இல்லாமல் பணம் வந்தது, ஆனால் அம்மா பதிமூணு வருஷம் தோடில்லாமல் இருந்தாள். இவனுக்கு எதையும் திருப்பித் தர வேண்டாம், ஆனால் படம் எந்தெந்த போனில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மறுவாரம் அவனை வரச்சொல்லி, ஆஸ்பத்திரி பெயரில் பணம் வாங்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தேன். குழாய் இல்லாத பழைய படம் ஒன்றை மாற்றிப் போட்டிருந்தான், பின்னலோடு பள்ளிக்கூட யூனிபார்மில். வரவு குறைந்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. என் பங்குக்கு 5,000 கொடுத்தேன். பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துத் தொகையையும் என் பெயரையும் எழுதிக்கொண்டான்.

"ஊர் பேரும் சொல்லுங்க சார்" என்றான்.