பசுமை இலக்குகளும் இணையப் பாதுகாப்பும்: கார்பன் கணக்கு முதல் காற்றாலை வரை

கார்பன் உமிழ்வைக் குறைக்க முற்படும் ஒரு நிறுவனத்தின் வேலைகளில் பெரும்பகுதி மெல்ல மெல்லக் கணினி வலையமைப்புக்குள் சென்றுவிடுகிறது. காற்றாலைகளைத் தொலைவில் உள்ள ஓர் அறையிலிருந்து கண்காணிக்கிறார்கள். கழிவுநீர் பம்புகள் ரேடியோ சமிக்ஞையால் இயங்குகின்றன. எத்தனை டன் உமிழ்ந்தோம், எவ்வளவு மிச்சப்படுத்தினோம் என்ற கணக்குகூட மின்னணுப் பதிவாகத்தான் இருக்கிறது. ஆகவே வலையமைப்பில் நேரும் திருட்டும் தாக்குதலும் நிறுவனத்தின் பணத்தோடு அதன் சுற்றுச்சூழல் வாக்குறுதியையும் சேர்த்தே பாதிக்கின்றன. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் நடந்த சில நிகழ்வுகளில் இதைத் தெளிவாகக் காணலாம்.

மரூச்சி கழிவுநீர்

முதல் எச்சரிக்கை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலிருந்து வந்தது. அங்குள்ள மரூச்சி வட்டாரத்தில் 142 கழிவுநீர் இறைப்பு நிலையங்கள் ரேடியோ வழியாகக் கட்டுப்படுத்தப்பட்டன. 2000 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பம்புகள் காரணமின்றி நின்றன. அபாய அறிவிப்புகள் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. ஏறத்தாழ 8 இலட்சம் லிட்டர் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் ஒரு ஹோட்டல் வளாகத்திலும் பாய்ந்தது. நீர்வாழ் உயிரினங்கள் மடிந்தன. இதைச் செய்தவர் அந்த அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர். உள்ளாட்சியில் வேலை கேட்டுக் கிடைக்காதவர். காரில் ஒரு மடிக்கணினியும் ரேடியோ கருவியும் வைத்துக்கொண்டே இவ்வளவையும் செய்தார். 2001-இல் அவருக்கு 2 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கட்டளையை அனுப்புவது யார் என்று அந்தப் பம்புகள் சரிபார்க்கவே இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

திருடப்பட்ட உமிழ்வு அனுமதிகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத் திட்டம் 2005-இல் தொடங்கியது. ஓர் அனுமதி என்பது 1 டன் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும் உரிமை. ஆலைகள் ஆண்டுதோறும் தம் உமிழ்வுக்கு ஈடான அனுமதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். 2008 முதல், குறைந்த ஒவ்வொரு டன்னுக்கும் 100 யூரோ அபராதம். உமிழ்வைக் குறைத்த ஆலையிடம் அனுமதிகள் மிஞ்சும். அதைச் சேமிக்கலாம், விற்கலாம். அதாவது, பல ஆண்டுகளின் சுற்றுச்சூழல் முயற்சி கடைசியில் ஒரு கணக்கில் உள்ள எண்ணாக வந்து நின்றது.

அந்தக் கணக்குகளை ஒவ்வொரு நாடும் தனித்தனிப் பதிவகத்தில் வைத்திருந்தது. பல பதிவகங்களில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமே காவல். கோடிக்கணக்கான யூரோ மதிப்புள்ள சொத்துக்கு இது மிக மெல்லிய பூட்டு. 2010 ஜனவரியில், அரசுப் பதிவகத்திலிருந்து வந்தது போன்ற போலி மின்னஞ்சல்கள் நிறுவனங்களுக்குச் சென்றன. சிலர் நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்தனர். ஜெர்மனியில் மட்டும் சுமார் 2,50,000 அனுமதிகள் பறிபோயின. மதிப்பு ஏறத்தாழ 30 இலட்சம் யூரோ. அதே ஆண்டு நவம்பரில் ஹோல்சிம் சிமென்ட் நிறுவனத்தின் ருமேனியக் கணக்கிலிருந்து 16 இலட்சம் அனுமதிகள் திருடப்பட்டன.

உச்சகட்டம் 2011 ஜனவரியில் வந்தது. செக் குடியரசின் பதிவக அலுவலகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்து ஊழியர்கள் வெளியேற்றப்பட்டனர். மறுநாள் பார்த்தபோது ஒரு நிறுவனத்தின் கணக்கில் இருந்த 4,75,000 அனுமதிகளைக் காணவில்லை. அவை எல்லை கடந்து நாடு நாடாக மாற்றப்பட்டிருந்தன. ஜனவரி 19 அன்று ஐரோப்பிய ஆணையம் எல்லாப் பதிவகங்களிலும் அனுமதி மாற்றத்தை நிறுத்திவைத்தது. உடனடி விற்பனைச் சந்தை முடங்கியது. பிப்ரவரி 4 அன்று பாதுகாப்பை நிரூபித்த பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்லோவாக்கியா, பிரிட்டன் ஆகிய 5 நாடுகளின் பதிவகங்கள் மட்டும் மீண்டும் திறந்தன. மற்றவை திறக்க மேலும் பல வாரங்கள் ஆயின.

திருட்டுப் பொருளை வாங்கியவர் கதி என்ன என்பது அடுத்த சிக்கல். ஜெர்மன் நிறுவனம் ஒன்று இழந்த 21,000 அனுமதிகள் ஒரு பிரிட்டிஷ் வணிக நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தன. கையால் தொட முடியாத இந்த அனுமதி சொத்தா, இல்லையா? 2012 ஜனவரியில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் அது சொத்துதான் என்று தீர்ப்பளித்தது. சந்தேகத்துக்கு இடமிருந்தும் போதிய விசாரணையின்றி வாங்கியவர் அதன் மதிப்பைத் திருப்பித் தரவேண்டும் என்றும் கூறியது. அதே ஆண்டு நாட்டுப் பதிவகங்களுக்குப் பதிலாக ஒரே ஒன்றியப் பதிவகம் வந்தது. கடவுச்சொல்லோடு இரண்டாம் உறுதிப்பாடு, ஒருவர் தொடங்கும் மாற்றத்துக்கு இன்னொருவரின் ஒப்புதல், மாற்றம் நிறைவேறுமுன் கட்டாயக் காத்திருப்பு ஆகியவை நடைமுறைக்கு வந்தன. இவற்றில் எதுவும் புதுமையான தொழில்நுட்பம் அல்ல. வங்கிகள் ஏற்கெனவே அறிந்தவைதான்.

கண் மறைந்த காற்றாலைகள்

அடுத்த பத்தாண்டில் தாக்குதல் மின் உற்பத்தியின் பக்கம் திரும்பியது. 2021 நவம்பரில் டென்மார்க்கின் காற்றாலைத் தயாரிப்பு நிறுவனமான வெஸ்டாஸ், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சற்று முன், வியாசட் நிறுவனத்தின் கே.ஏ-சாட் செயற்கைக்கோள் இணையச் சேவை தாக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கான மோடம்கள் செயலிழந்தன. குறி உக்ரைன்தான். ஆனால் அதே சேவையை நம்பியிருந்த எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகளும் மத்திய ஐரோப்பாவில் தொடர்பிழந்தன. அவற்றின் மொத்தத் திறன் 11 கிகாவாட்.

காற்றாலைகள் நிற்கவில்லை. தானியங்கி முறையில் சுழன்றுகொண்டிருந்தன. ஆனால் பழுது ஏற்பட்டால் தொலைவிலிருந்து அறியவோ, சரிசெய்யவோ வழியில்லை. மோடம்களை மாற்ற ஆட்கள் ஒவ்வோர் இடமாகச் செல்ல வேண்டியிருந்தது. காற்றாலை நிறுவனம் தானே எந்தத் தவறும் செய்யாமல், வேறொருவரின் சேவை வழியாக இந்த நிலைக்கு வந்தது. அதன் பின் மார்ச் 31 அன்று நார்டெக்ஸ், ஏப்ரலில் பராமரிப்பு நிறுவனமான டாய்ச் விண்ட்டெக்னிக் எனத் தாக்குதல்கள் தொடர்ந்தன. டாய்ச் விண்ட்டெக்னிக் சுமார் 2,000 காற்றாலைகளின் தொலைத்தொடர்பை ஓரிரு நாள் தானே துண்டித்து வைத்தது.

ஒரே நாளில் இரு சட்டங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் இரு முக்கிய நெறிமுறைச் சட்டங்கள் 2022 டிசம்பர் 14 என்ற ஒரே தேதியைத் தாங்கியுள்ளன. ஒன்று நிறுவனங்கள் தம் சுற்றுச்சூழல், சமூகத் தகவல்களைத் தணிக்கைக்கு உட்பட்டு வெளியிட வேண்டும் என்கிறது. மற்றொன்று 'நிஸ்-2' எனப்படும் இணையப் பாதுகாப்புச் சட்டம். எரிசக்தி, கழிவுநீர், கழிவு மேலாண்மை ஆகிய துறைகளும் இதன் வரம்புக்குள் வருகின்றன. இணைய ஆபத்துகளுக்கான ஏற்பாடுகளுக்கு நிறுவனத்தின் மேல்மட்ட நிர்வாகமே ஒப்புதல் தந்து பொறுப்பேற்க வேண்டும் என்றும் இது விதிக்கிறது. உறுப்பு நாடுகள் இதைத் தம் சட்டமாக்க 2024 அக்டோபர் 17 வரை அவகாசம் தரப்பட்டது. அறிக்கைச் சட்டத்தின் காலக்கெடுவோ 2025-இல் பல நிறுவனங்களுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.