தரங்கம்பாடி: தலைமை அலுவலகம் மறந்த கிளை

சங்கத்தின் அடுத்த ஒருநாள் சுற்றுலாவுக்கு இடம் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் ஓட்டு தரங்கம்பாடிக்கு. கோட்டை, கோயில், தேவாலயம், கடற்கரை எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம்.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் டென்மார்க்காரர்கள் உடன்படிக்கை செய்து இங்கே டேனிஷ் கோட்டையைக் கட்டினார்கள். டென்மார்க் அரசருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதாலோ என்னவோ, எனக்குக் கோட்டையைவிட அதன் நிர்வாகக் கதைதான் சுவாரசியம். ஐரோப்பியப் போர்களில் டென்மார்க் நொடித்துப்போக, 1640-களிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. பணம் இல்லை, ஆள் இல்லை, ஒரு கடிதம்கூட இல்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். 1655 வாக்கில் மிஞ்சியவர் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக் என்ற சாதாரணக் குடும்பத்துக்காரர் ஒருவரே. அவர் கிளையை மூடவில்லை! வங்கக் கடலில் போன கப்பல்களைப் பிடித்துச் செலவுக்கு வழி பண்ணினார் (நம் தணிக்கையாளர்கள் ஒப்புக்கொள்ளாத வரவு). உள்ளூர் மக்களை வைத்துக்கொண்டே ஊரைக் காத்தார். 1669-இல் ஒருவழியாக டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்தது. அவரையே ஆளுநராக உறுதி செய்தார்கள்.

1706-இல் வந்த சீகன்பால்குவை இதே கோட்டையில் நான்கு மாதம் சிறை வைத்தார் அன்றைய ஆளுநர். பாதிரியாரின் பணி வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்ற எண்ணம். வெளியே வந்த சீகன்பால்கு அச்சகம் அமைத்தார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. அவர் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில்தான் அவருடைய கல்லறையும் இருக்கிறது.

1845-இல் டென்மார்க் இந்த ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். ஆங்கிலேயர் சில ஆண்டுகள் இதை மாவட்டத் தலைநகராக வைத்திருந்து, 1860-இல் தஞ்சாவூருக்கு மாற்றினார்கள். மறு ஆண்டு ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது. வியாபாரமும் அங்கே போயிற்று. பெரிய கட்டடங்கள் எழாததால்தான் பழைய தெருக்கள் தப்பின என்பது என் கணிப்பு.

கடல் மட்டும் யாரையும் விட்டுவைக்கவில்லை. மாசிலாமணிநாதர் கோயில் 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியை அலைகள் கொண்டுபோய்விட்டன. 2004 சுனாமியும் இந்த ஊரைப் பலமாக அடித்தது. இப்போது கரையில் கருங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். அந்தக் கற்களின் மேல் மட்டும் ஏறாதீர்கள், வழுக்கும்.